உற்றவனும் உழைச்செல்வானும்
(நோயாளர், பராமரிப்போர் அனுபவங்களை ஆராயும் முறை பற்றிய ஒரு பாடம்)

தமிழாசிரியர், வட்டகொடை

தோற்றுவாய்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்னும் பெயரினது. அதன் இறுதிப் பாட்டிலே வள்ளுவப் பெருந்தகையார் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுக்கின்றார். நோய் உற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைப் பிழையாது ஊட்டிப் பேணுபவன் என்பன அவை. நான்காவதாக நின்றவனையே 'உழைச்செல்வான்' என்னும் அழகிய சொல்லாற் குறித்தார். உழை என்பது பக்கம். பக்கத்தே இருந்து பணிபுரிபவன் என்பது பொருள்.

இந்நான்கினையும் உரையாசிரியர் பரிமேலழகர் நந்நான்காக விரித்துப் பதினாறாக்கிக் காட்டுவர். நோயுற்றவனுக்கு வேண்டுவனவாக அவர் கூறும் நான்கினுள் ஒன்று, தன் நோயின் நிலையை மருத்துவனுக்கு உணர்த்துதல் என்பதாம். பொருளுடைமையும், மருத்துவன் சொல்வழி நிற்றலும், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தலும் ஏனைய மூன்று. உழைச்செல்வானுக்கு வேண்டுவன நோயாளன்மாட்டு அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன.

மாணாக்கர் இதனை உற்று நோக்குதல் வேண்டும். நோயாளன் வாய் திறந்து சொல்லும் சொல், மருத்துவத்தின் பதினாறு கூறுகளுள் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. அச்சொல்லைக் கேட்டு, தொகுத்து, வகுத்து, அதிலிருந்து பொது உண்மை காணும் முறை இக்காலத்தில் ஒரு தனி ஆய்வுத்துறையாக வளர்ந்திருக்கின்றது. அதனைப் 'பண்புசார் ஆய்வு' என்பர். கடும் நோயுற்றாரையும் அவரைப் பராமரிப்பாரையும் பற்றி இவ்வாய்வு கண்டவை யாவை, அது செய்யப்படும் முறை யாது, எம் மலையகத்துக்கு அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

எண்ணும் சொல்லும்

ஆய்வு இருவகைப்படும். எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு குருதி, எவ்வளவு மருந்து என எண்ணாலும் அளவாலும் அறிவது அளவுசார் ஆய்வு. இன்ன நோயுடன் வாழ்தல் எத்தன்மைத்து, அது குடும்பத்தின் அன்றாட வாழ்வை எவ்வாறு மாற்றுகின்றது என மக்கள் சொல்லாலும் செயலாலும் அறிவது பண்புசார் ஆய்வு. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று. நூறு நோயாளருள் முப்பதின்மர் சிகிச்சையை இடையில் விட்டுச் சென்றனர் எனக் கொள்வோம். அத்தொகையைத் தருவது முதலாவது ஆய்வு. அவர் ஏன் விட்டுச் சென்றனர் என்பதை அவர் வாயாலேயே அறிவிப்பது இரண்டாவது.

அமெரிக்க மருத்துவரும் மானிடவியலறிஞருமான ஆதர் கிளைன்மன் 1988இல் வெளியிட்ட நூலில், மருத்துவர் காணும் நோய் வேறு, நோயாளர் வாழ்ந்து அனுபவிக்கும் நோய் வேறு என விளக்கினார். இலங்கைத் தமிழர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்தப் பெருமுயற்சி வேண்டியதில்லை. நாம் நோயை 'வருத்தம்' என்கின்றோம். நோயாளரைக் காணச் செல்வதை 'வருத்தம் பார்க்கப் போதல்' என்கின்றோம். உடலின் பிணியும் உள்ளத்தின் துயரும் அவ்வொரு சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன. வைத்தியசாலைத் துண்டிலே எழுதப்படுவது பிணியின் பெயர். வீட்டிலே கிடப்பது வருத்தம்.

ஆய்வு வளர்ந்த வரலாறு

இத்துறைக்கு வழிவகுத்தோருள் முதற்கண் நினைக்கத்தக்கவர் இங்கிலாந்தின் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். தாதியாகவும், பின்னர் வைத்தியசாலைச் சமூகப் பணியாளராகவும் இருந்த அவர், மரணத்தை அணுகுவோரின் வேதனையைத் தணிக்கும் பொருட்டே மருத்துவம் கற்று 1957இல் மருத்துவரானார். இலண்டனின் ஹக்னிப் பகுதியிலுள்ள புனித யோசேப்பு இல்லத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் வரலாற்றைக் குறித்து வைத்தார். பலருடைய பேச்சை ஒலிப்பதிவும் செய்தார். எங்கே வலிக்கின்றது என்னும் வினாவுக்கு நோயாளர் கூறிய விடைகள் உடம்போடு நிற்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிய கவலை, பிறர்க்குச் சுமையானோமே என்னும் ஏக்கம், வாழ்வின் பொருள் பற்றிய ஐயம் ஆகிய யாவும் வலியென்னும் சொல்லின்கீழ் வந்தன. இதிலிருந்தே உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் என்னும் நான்கும் கலந்த 'முழுவலி' என்னும் கருத்தை அவர் வகுத்தார். 1967இல் இலண்டனில் அவர் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லம், உலகெங்கும் நோய்தணிப்புப் பராமரிப்புக்கு முன்மாதிரியாயிற்று.

அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோப் பகுதி வைத்தியசாலைகளில் பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்னும் சமூகவியலாளர் இருவர் தங்கி நோக்கி, 1965இல் ஒரு நூலை வெளியிட்டனர். தான் இறக்கப் போவதை நோயாளர் அறிந்திருக்கும் நிலை நான்கு வகைப்படும் என அவர்கள் கண்டனர். பிறர் யாவரும் அறிய, நோயாளர் மட்டும் அறியாதிருத்தல் முதலாவது. அவர் ஐயுற்று, குறிப்பறிய முயலுதல் இரண்டாவது. இரு திறத்தாரும் அறிந்தும் அறியார்போல் நடித்தல் மூன்றாவது. யாவரும் வெளிப்படையாகப் பேசுதல் நான்காவது. எம் வீடுகளில் புற்றுநோயை 'வயிற்றுப் புண்' என்று கூறி மறைக்கும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இவ்வகுப்பு எளிதில் விளங்கும். மறைப்பது அன்பினாலேதான். ஆயினும் இரு திறத்தாரும் நடிக்கத் தொடங்கிய வீட்டிலே நோயாளர் தனித்து விடப்படுகின்றார் என்பதையும் மறத்தலாகாது. இவ்விருவரும் 1967இல் எழுதிய மற்றொரு நூல், மக்கள் கூற்றிலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் முறையை வகுத்து, பண்புசார் ஆய்வுக்கு இலக்கணம் போன்றதாயிற்று.

1969இல் எலிசபெத் கியூப்ளர்-றொஸ் அம்மையார் மரணப்படுக்கையிலுள்ளாரை நேர்கண்டு, மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளைக் கூறினார். அவை படிப்படியாக எல்லார்க்கும் வருவன அல்ல எனப் பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். எனினும், இறக்கும் நிலையிலுள்ளாரிடமே சென்று கேட்டுக் கற்கலாம் என்பதை உலகறியச் செய்தமை அவர் தொண்டாகும்.

ஸ்கொத்லாந்தும் கென்யாவும்

இம்முறையின் பயனை விளக்குதற்கு ஓர் ஆய்வினைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். எடின்பரோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்கொட் மறே என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும், தீர்க்கவியலாத புற்றுநோய் உற்றாரை இரு நாடுகளிற் கண்டு உரையாடினர். ஸ்கொத்லாந்தில் 20 நோயாளரும், கென்யாவின் சோகோரியாப் பகுதியில் 24 நோயாளரும், அவர்களைப் பராமரிப்போரும் இதிற் பங்குகொண்டனர். முடிவுகள் 2003இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தன.

ஸ்கொத்லாந்தில் மருந்தும் கருவியும் கிடைத்தன. உடல் வலி பெரும்பாலும் அடக்கப்பட்டது. அந்நாட்டாரை வாட்டியது சாவை எதிர்நோக்கும் உள்ளத்துயரே. கென்யாவிலோ முதன்மையாக நின்றது உடல் வலி. அதனைத் தணிக்கும் மருந்தை வாங்கப் பணமில்லை. தக்க உணவும் பராமரிப்புக்குரிய பொருளும் அரியனவாயின. ஆயினும் சுற்றத்தாரும் ஊராரும் சமயமும் அந்நோயாளரின் உள்ளத்தைத் தாங்கி நின்றன. செல்வ நாட்டில் இருந்தது மருந்து. வறிய நாட்டில் இருந்தது துணை. இரண்டும் ஒருங்கே கிடைத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

அதே மருத்துவர் குழு 2002இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நுரையீரற் புற்றுநோயாளரையும் இதயச் செயலிழப்பு உற்றாரையும் ஒப்புநோக்கியது. இதய நோயாளர் தம் நோயைப் பற்றி அறிந்தது குறைவு. அவர்க்குக் கிடைத்த உதவியும் குறைவு. கொடிய பெயருடைய நோய்க்கே பிறர் இரங்குவர். மெல்லக் கொல்லும் நோயைப் பலரும் பொருட்படுத்துவதில்லை என்பது இதனால் விளங்கும். 2010இல் வெளியான ஆய்வொன்றோ பராமரிப்போரை நோக்கியது. நோய் இன்னதென அறிந்த நாள், முதற் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய காலம், நோய் மீண்டும் தலைதூக்கிய காலம், இறுதிக் காலம் ஆகிய நான்கு வேளைகளிலும் நோயாளரோடு பராமரிப்போரின் உள்ளமும் சேர்ந்தே தாழ்கின்றது என அது காட்டியது. உழைச்செல்வானுக்கு வேண்டிய பண்புகளைப் பரிமேலழகர் தொகுத்தார். அவனும் வருந்துகின்றான், அவனையும் ஒருவர் தாங்க வேண்டும் என்பதை இக்கால ஆய்வு அதனோடு சேர்க்கின்றது.

அண்டை நாட்டில் ஒரு சான்று

ஆய்வு ஏட்டளவில் நிற்பதோ என ஐயுறுவார்க்குக் கேரளம் விடையளிக்கும். கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் 1993இல் வலிதணிப்பு நிலையமொன்று தொடங்கப்பட்டது. டொக்டர் ராஜகோபால், டொக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் அதன் முன்னோடிகள். நிலையத்துக்கு வர இயலாதோர் வீட்டிலேயே கிடப்பதை உணர்ந்தபின், ஊரிலுள்ள தொண்டர் பயிற்சி பெற்று வீடு வீடாகச் செல்லும் அமைப்பு வளர்ந்தது. அத்தொண்டர் முதலிற் கற்பது பொறுமையோடு கேட்டலையே. 2008இல் கேரள அரசு இத்துறைக்கெனத் தனிக் கொள்கையொன்றை வெளியிட்டது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை, எல்லா நாடுகளும் நோய்தணிப்புப் பராமரிப்பைத் தம் சுகாதார அமைப்பிற் சேர்த்தல் வேண்டும் எனத் தீர்மானித்தது. இலங்கையிலும் 2019 முதல் 2023 வரையான காலத்துக்குத் தேசியத் திட்டச் சட்டகம் ஒன்று வகுக்கப்பட்டது.

மலையகத்தின் நிலை

இனி எம் மண்ணுக்கு வருவாம். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றி 1912இலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் முகாமைக்கு மாறின. இவ்வளவு காலமும் பிறப்பும் இறப்பும் நோயும் எண்ணிக்கையாக ஏடுகளில் ஏறி வந்துள்ளன. ஆயின் லயக் காம்பராவிலே ஆறு திங்கள் படுத்துக் கிடந்த ஒரு தாய் என்ன நினைத்தாள், அவளைத் தூக்கி நிமிர்த்திய மகள் என்ன இழந்தாள் என்பவற்றை எண்கள் சொல்வதில்லை.

ஆராயத்தக்க பொருள் இங்கு மிகுதி. வட்டகொடை புகையிரத நிலையம் தலவாக்கலைக்கு அடுத்துள்ளது. இவ்வட்டாரத்தில் புற்றுநோய்க்கு ஆளான ஒருவர் தோட்ட வைத்தியரைக் கண்டு, லிந்துலைக்கோ நுவரெலியாவுக்கோ சென்று, பின் கண்டிக்கோ மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்ல நேர்கின்றது. மருந்து இலவசமாயினும் வழிச்செலவு இலவசமன்று. உடன் செல்பவர் அன்று மலைக்குப் போவதில்லை; ஆதலின் அவருக்குப் 'பேர்' இல்லை. இருவர் வருந்த, குடும்பம் ஒரு நாட்கூலியை இழக்கின்றது.

மொழி மற்றொரு தடை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கூறப்படுவதைத் தமிழ் மட்டும் அறிந்த நோயாளர்க்கு எடுத்துரைப்பவர் பலகால் அவ்வீட்டிற் படித்த பிள்ளையே. தாயின் நோய் தீராதது என்னும் செய்தியை முதலிற் கேட்பவனும், அதனைத் தாய்க்குச் சொல்வதா மறைப்பதா எனத் தீர்மானிப்பவனும் பதினைந்து வயது மாணவனாக இருத்தல் கூடும். அவன் மறுநாள் வகுப்பிலே தலை கவிழ்ந்திருப்பதற்குச் சோம்பல் காரணமன்று. ஆசிரியராகிய நாம் இதனை அறிந்திருத்தல் கடமை.

செய்முறை

பண்புசார் ஆய்வு வெறும் உரையாடலன்று, அதற்கு ஒழுங்குண்டு. அதனைப் படிமுறையாகக் கூறுவாம்.

முதலாவது, வினாவைத் தெளிவாக அமைத்தல். 'தோட்டத்து நோயாளர் நிலை' என்பது மிகப் பரந்தது. 'பாரிசவாதமுற்ற கணவரை வீட்டிற் பராமரிக்கும் பெண்டிரின் அனுபவம்' என்பது ஆராயத்தக்கது.

இரண்டாவது, பங்குகொள்வாரைத் தெரிதல். இவ்வாய்வில் தொகை பெரிதாக இருக்க வேண்டுவதில்லை. இளையோர், முதியோர், வேலைக்குச் செல்வோர், ஓய்வு பெற்றோர் என வெவ்வேறு நிலையினர் இடம்பெறுமாறு கருதித் தெரிதல் வேண்டும். மேலும் மேலும் கேட்டும் புதியதொன்றும் வாராதவிடத்து நிறுத்துவர்.

மூன்றாவது, வினவுதல். 'நோவு கூடுதலா?' என்றால் 'ஓம்' என்னும் ஒரு சொல்லோடு பேச்சு முடியும். 'அம்மா, இந்த வருத்தம் தொடங்கின நாள்முதல் நடந்ததைச் சொல்லுங்களேன்' என்றால் வாழ்வே விரியும். இடைமறியாது கேட்டலும், அவர் வாளாவிருக்கும்போது தாமும் பொறுத்திருத்தலும் ஆய்வாளர்க்கு அணிகலன்கள். நோயாளரையும் பராமரிப்பவரையும் தனித்தனியே காணுதலும், சில திங்கள் கழித்து மீண்டும் காணுதலும் நலம். நோய் மாறுவதுபோலச் சொல்லும் மாறும்.

நான்காவது, சொல்லியதைச் சொல்லியவாறே எழுதுதல். இங்கே தமிழாசிரியன் ஒரு கருத்தை வற்புறுத்த விரும்புகின்றேன். இலக்கணப் பிழை திருத்துதல் எம் தொழில். ஆய்விலோ அது பெருங்குற்றம். உதாரணமாக, 'மூணு கிழமையா எனக்குப் பேர் இல்லை' என்று ஒரு பெண் சொன்னால் அவ்வாறே எழுதுக. தோட்டத்தை அறியாதார் அதனைப் பெயரில்லாமை என மயங்குவர். நாட்கூலிக்குரிய வேலைப்பதிவே 'பேர்' என்பதையும், குறைந்த வேலைக்கு 'அரைப் பேர்' உண்டென்பதையும் அறிந்தவரே அவ்வருத்தத்தின் ஆழத்தை அறிவர். இதனாலன்றோ மலையகத்தை ஆராய மலையகப் பிள்ளைகள் வேண்டும் என்கின்றோம்!

ஐந்தாவது, பகுத்தல். எழுதியதைப் பன்முறை படித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் குறிப்புப் பெயரிட்டு, ஒத்தவற்றை ஒருங்கு சேர்த்துக் கருப்பொருள் காணுதல் வேண்டும். செய்யுட்களைத் துறை வகுக்கும் உரையாசிரியர் வேலையை இது ஒக்கும். தம் கருத்துக்கு மாறான கூற்றை ஒதுக்காது, அதனையே கூர்ந்து நோக்குதல் நேர்மை.

ஆய்வாளர்க்குரிய அறம்

கடும் நோயாளரிடம் செல்வார்க்கு அறம் முதன்மையானது. ஆய்வு இன்னதென விளங்க உரைத்து, அவர் மனமுவந்த சம்மதத்தைப் பெறல் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வாயின் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் இன்றியமையாதது. மறுத்தாலோ இடையில் நிறுத்தினாலோ அவர்க்கு எக்குறையும் நேராது எனத் தெளிவாகக் கூறுக. பெயரை மறைத்தல் மட்டும் போதாது. இருபது குடும்பங்கள் வாழும் லயத்தில் 'மூன்று பிள்ளைகளின் தாய், பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவர்' என்றாலே ஆளை அறிந்து கொள்வர். இஸ்தோப்பில் இருந்து பேசினால் அடுத்த காம்பராவிற் கேட்கும். ஆகவே இடத்தையும் வேளையையும் அவரே தெரியட்டும். தம் நோயின் பெயரை அறியாத நோயாளரிடம் அதனை வெளியிடும் உரிமை ஆய்வாளர்க்கில்லை. அவர் அழுதால் வினாவை நிறுத்துக. வீடு கட்டித் தருவோம், உதவிப்பணம் பெற்றுத் தருவோம் எனப் பொய் நம்பிக்கை ஊட்டற்க.

கேட்டலினால் நோய் தீருமோ என வினவலாம். தீராது. ஆயினும் பெரிய புராணத்தை நினைவு கூர்வாம். சூலைநோயால் வருந்திய மருள்நீக்கியார் யாருக்கு ஆளனுப்பினார்? தம் துன்பத்தைச் சொல்லத்தக்க தமக்கையார் திலகவதியாருக்கன்றோ! தன் துயரைச் செவிமடுப்பார் ஒருவர் உளர் என்னும் உறுதி நோயாளர்க்கு ஊன்றுகோலாகும்.

முடிவுரை

இக்கல்லூரியின் பழைய மாணவருள் மருத்துவரும், தாதியரும், ஆசிரியரும், பல்கலைக்கழகத்தாரும், தோட்ட உத்தியோகத்தரும் இருப்பர். மருத்துவராயிருப்போர் நாளொன்றுக்கு ஒரு நோயாளரிடமேனும் கூடுதலாக ஐந்து நிமிடம் செலவிட்டு அவர் சொல்லைக் கேட்பாராக. பல்கலைக்கழகத்திற் பயில்வோர் தம் ஆய்வுக்குத் தொலைவிலுள்ள பொருளைத் தேடுமுன் தாம் பிறந்த தோட்டத்தை நோக்குவாராக. ஆசிரியர், நோயாளரைப் பராமரித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளையை இனங்கண்டு, வீட்டு வேலை எழுதாமைக்குத் தண்டியாது அவன் நிலையை வினவுவாராக. மாணவர், வருத்தம் பார்க்கப் போகுமிடத்துப் படுத்திருப்பவரை நலம் விசாரிப்பதோடு நில்லாது, அடுப்பங்கரையிலே தேநீர் ஊற்றிக் கொண்டிருக்கும் அக்காவையும் 'நீங்கள் சாப்பிட்டீர்களா? நேற்றிரவு தூங்கினீர்களா?' என்று கேட்பாராக.

உற்றவன் சொல்லைக் கேட்க மருத்துவத்துறை ஓரளவு கற்று வருகின்றது. உழைச்செல்வாள் சொல்லையும் கேட்கும் காலம் விரைவில் வருமாறு எம்மவர் முன்னின்று உழைப்பார்களாக.